இரவல் அதிகாரமும் ஈச்சிலம்பற்றும்

ஓர் அரசு தன் அதிகாரத்தைப் பிரதேசங்களோடு பகிர்ந்துகொண்டுள்ளதா என்ற வினாவுக்கு விடை காண முற்படுவோர் பெரும்பாலும் தலைநகரிலிருந்தே நோக்குகின்றனர். அரசியலமைப்பின் உறுப்புரைகளை எண்ணுகின்றனர், நிரல்களை ஒப்பிடுகின்றனர், சபைகளின் தொகையைக் கூறி அமைதி அடைகின்றனர். கொடுத்தவனின் கணக்கேட்டைப் பார்த்துக் கொடை அளக்கும் முறை இது. பெற்றதாகச் சொல்லப்படுபவனின் கையைப் பார்த்தல் வேண்டும். அதிகாரம் பகிரப்பட்டதா என்பதை அறிதற்கு, அது சென்று சேரவேண்டிய கடைசி எல்லையில் நின்று நோக்குவதே முறையாகும்.

ஈச்சிலம்பற்று அத்தகையதோர் எல்லை. திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, கிழக்கில் கடலும் தெற்கில் வெருகலாறும் அணைந்து நிற்கும் இப்பகுதி இன்று வெருகல் பிரதேச செயலாளர் பிரிவு என்றும் வழங்கப்பெறுகின்றது. வயல், மேய்ச்சற்றரை, காடு, களப்பு, கடல் என ஐந்தையும் நம்பி வாழும் மக்கள் இங்குள்ளனர். வெருகல் சித்திர வேலாயுத சுவாமி கோவில் இவர்களின் சமய வாழ்வின் நடுநாயகம். கரையோர வேடர் மரபினரும் இப்பகுதியின் குடிகளாவர். ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் ‘பற்று’ என்பது கிழக்கிலங்கையின் பழைய நிர்வாகப் பிரிவுகளின் பெயர்களிற் பயின்றுவரும் சொல்லாகும். கொட்டியாரப்பற்று, தம்பலகாமப்பற்று, கட்டுக்குளப்பற்று என்பன அவ்வாறமைந்தவை. கண்டி மன்னரின் மேலாணை நிலவிய காலத்திலும் கொட்டியாரத்தின் அன்றாட ஆட்சி வன்னிபங்களின் கையில் இருந்தது. நடுவரசு தொலைவிலும் ஊராட்சி அருகிலும் இருந்த அம்முறை குடியாட்சி அன்று. ஆயின் உள்ளூர்க் காரியத்தை உள்ளூரில் முடிவுசெய்யும் வழக்கம் இம்மண்ணுக்கு அந்நியமானதன்று என்பதற்கு அது சான்றாகும்.

இன்று இப்பற்றின் நிலம் யாருக்கு என்பதை யார் தீர்மானிக்கின்றனர்? ஆற்றின் நீரை யார் திறந்து விடுகின்றனர்? காட்டின் எல்லைக்கல்லை யார் நடுகின்றனர்? பழைய மேடொன்று எவருடைய வரலாற்றைச் சேர்ந்தது என்பதை யார் அறிவிக்கின்றனர்? இந்நான்கு வினாக்களுக்கும் விடை கொழும்பிலேயே உள்ளது. இடையில் மாகாண சபை என்ற ஒன்று சட்டத்தில் உண்டு. அது இருந்தும் விடை மாறவில்லை என்பதே ஆராயத்தக்கது.

மூன்று சொற்கள்

இப்பொருளைப் பற்றிய விவாதங்களிற் பெரும் குழப்பத்தை விளைவிப்பன மூன்று சொற்கள்: பன்முகப்படுத்தல், பரவலாக்கம், பகிர்வு. இவற்றை ஒரே பொருளில் வழங்குவது அறியாமையாலும் நிகழ்கின்றது, வேண்டுமென்றும் நிகழ்கின்றது.

நடுவரசின் அலுவலர் ஒருவர் தலைநகரில் அமர்ந்து செய்யும் வேலையை மாவட்டத்தில் அமர்ந்து செய்தால் அது பன்முகப்படுத்தல். கச்சேரியும் அரசாங்க அதிபரும் இதன் உருவங்கள். 1974 இல் இலங்கையில் நடைமுறைக்கு வந்த பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டமும் இவ்வகையதே. கை நீள்கின்றது; ஆயின் கை யாருடையது என்பதில் மாற்றமில்லை. மக்களாற் றெரிவுசெய்யப்பட்ட வேறொரு சபைக்குச் சில கருமங்கள் சட்டத்தால் ஒப்படைக்கப்பட்டு, ஒப்படைத்தவரே வேண்டும்போது மீட்டுக்கொள்ளும் உரிமையும் வைத்திருந்தால் அது பரவலாக்கம். ஒருவர் ஒப்புதலின்றி மற்றவர் மீட்டுக்கொள்ள இயலாதவாறு இருவருக்கும் உரிய எல்லைகளை இருவருக்கும் மேலான சட்டமொன்று வகுத்துக் காத்து நிற்குமாயின் அதுவே பகிர்வு.

எனவே இம்மூன்றையும் பிரித்தறியும் உரைகல் ஒன்றே: கொடுத்ததைத் திரும்ப எடுக்க யாரால் இயலும்? இரவலாகக் கொடுக்கப்பட்ட மாட்டைக் கொண்டு ஒருவன் உழலாம், விளைச்சலும் காணலாம், ஆனால் விதைப்புக் காலத்தின் நடுவே உரிமையாளன் வந்து அவிழ்த்துச் செல்வானாயின் அவனைத் தடுக்க வழியில்லை. இலங்கையின் மாகாணங்களிடம் உள்ளது இத்தகைய இரவல் அதிகாரமே.

முறிந்த உடன்பாடுகள்

கூட்டாட்சி என்ற எண்ணம் தமிழர் கண்டுபிடித்த சூழ்ச்சி என்று கருதுவோர் வரலாற்றை மறந்தவராவர். 1926 இல் இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சியே ஏற்றது என எழுதியும் பேசியும் வந்தவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா. அடுத்த ஆண்டில் கண்டியத் தேசிய மன்றம் மூன்று அலகுகள் கொண்ட சமஷ்டியைக் கோரியது. 1833 இல் கோல்புறூக் சீர்திருத்தத்தின்வழி பிரித்தானியர் நாடு முழுவதையும் ஒரே நிர்வாகக் கூட்டுக்குள் அடைத்து நூறாண்டு நிறையுமுன்னரே அக்கூட்டின் இறுக்கத்தைச் சிங்களத் தலைவர்களே உணர்ந்திருந்தனர்.

1956 ஓகஸ்டில் தமிழரசுக் கட்சியின் மாநாடு கூடியது திருகோணமலையிலாகும். சமஷ்டி, மொழியுரிமை, குடியுரிமை, தமிழ்ப் பிரதேசங்களிலான அரசாங்கக் குடியேற்றங்களை நிறுத்துதல் என்பன அங்கு முன்வைக்கப்பட்டன. அதன் விளைவாக 1957 யூலை 26 இல் பண்டா – செல்வா உடன்படிக்கை எழுந்தது. பிரதேச சபைகளுக்குக் காணி, காணி அபிவிருத்தி, குடியேற்றம் ஆகிய அதிகாரங்களும், தத்தம் எல்லைக்குள் காணி பெறுவோரைத் தெரிவுசெய்யும் உரிமையும் வழங்கப்படும் என அது கூறியது. கிழக்கு மாகாணம் இரண்டு அல்லது இரண்டுக்கு மேற்பட்ட பிரதேசங்களாகப் பிரிக்கப்படலாம் என்ற இடமும் அதில் இருந்தது. 1958 ஏப்பிரில் 9 இல் அவ்வுடன்படிக்கை கைவிடப்பட்டது.

1965 மார்ச் 24 இன் டட்லி – செல்வா உடன்படிக்கை மாவட்ட சபைகளோடு அமைதியடைந்தது. வடக்குக் கிழக்கில் காணி வழங்கும்போது முதலில் அம்மாவட்டத்துக் காணியற்றோர், அடுத்து அம்மாகாணங்களில் வதியும் தமிழ் பேசுவோர், அதன்பின் ஏனைய குடிமக்கள் என முறைமை வகுத்தது. 1968 இல் அதுவும் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் நிகழ்ந்த மற்றொரு சம்பவம் இவ்விடயத்தில் மிகுந்த ஒளி பாய்ச்சுவது. உள்ளூராட்சி அமைச்சராயிருந்த மு. திருச்செல்வம், திருக்கோணேஸ்வரம் அமைந்த கோட்டைப் பகுதியைப் புனித பூமியாகப் பிரகடனஞ் செய்தல் பற்றி ஆராயக் குழுவொன்றை நியமித்தார். பிரதமர் அக்குழுவைக் கலைத்தார். அமைச்சர் பதவி துறந்தார். நடுவரசின் அமைச்சரவையில் இருந்த ஒருவராலேயே தம் துறைக்குட்பட்ட சிறு ஆய்வுக் குழுவைக் காக்க முடியவில்லையெனில், தலைநகரில் ஓர் ஆசனம் பெறுவது பிரதேசத்துக்குக் கிடைக்கும் அதிகாரத்துக்கு ஈடாகாது என்பது தெளிவு.

1980 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மாவட்ட அபிவிருத்திச் சபைகள் பணமும் அதிகாரமுமின்றி ஓய்ந்தன. இவற்றுக்கிடையில் 1972 அரசியலமைப்பும் 1978 அரசியலமைப்பும் ‘ஒற்றையாட்சி’ என்ற சொல்லைப் பொறித்து வைத்தன. 1976 இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது இவ்வரிசையில் எவ்விடத்தில் நிகழ்ந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். பகிர்வைக் கேட்டுப் பெற்றதால் பிரிவினைக் கோரிக்கை எழவில்லை. பகிர்வு இரண்டு முறை எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டு இரண்டு முறையும் கிழித்தெறியப்பட்ட பின்னரே அது எழுந்தது.

பதின்மூன்றாவது திருத்தம் கொடுத்ததும் எடுத்ததும்

1987 யூலை 29 இல் கைச்சாத்தான இந்திய – இலங்கை உடன்படிக்கையின் பயனாக அதே ஆண்டு நவம்பரில் பதின்மூன்றாவது திருத்தமும் 42 ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் நிறைவேறின. திருத்தத்தின் செல்லுபடியை ஆராய்ந்த உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசரில் ஐவர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமும் நின்றனர். மாகாண சபைகள் பாராளுமன்றத்துக்குக் கீழ்ப்பட்ட அமைப்புகளேயாதலால் ஒற்றையாட்சிக்கு ஊறு இல்லை என்பதே பெரும்பான்மையோர் கண்ட முடிபின் சாரம். அத்தீர்ப்பு திருத்தத்தைக் காத்தது. ஆனால் எந்தக் காரணத்தைக் கூறிக் காத்ததோ அக்காரணமே திருத்தத்தின் தாழ்வையும் பறைசாற்றியது. இது பகிர்வு அன்று என்பதை நாட்டின் அதியுயர் நீதிமன்றமே சொல்லிவிட்ட பின்னர் அதனைப் பகிர்வு என்று மேடைகளிற் புகழ்வது எவ்வாறு பொருந்தும்?

ஈச்சிலம்பற்றிலிருந்து இத்திருத்தத்தை வாசித்தால் அதன் இயல்பு நன்கு விளங்கும்.

முதலாவது காணி. மாகாண சபை நிரலிற் காணி உண்டு. ஆயின் அதனோடு இணைந்த பின்னிணைப்பு, அரச காணியை எவருக்கும் பராதீனஞ் செய்வது மாகாண சபையின் ஆலோசனையின்பேரில் சனாதிபதியே என்கின்றது. சகல மாகாணங்களின் பிரதிநிதிகளையும் கொண்ட தேசிய காணி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்படும் என்றும் கூறுகின்றது. அவ்வாணைக்குழு அமைக்கப்படவேயில்லை. 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் அரச காணி மீதான அதிகாரம் நடுவரசிடமே உள்ளது எனத் தீர்த்தது. நிரலில் எழுதப்பட்டிருந்த ஒரு சொல், கால் நூற்றாண்டுக்குப் பின் வெறுஞ் சொல்லாயிற்று.

இதன் விளைவை அயலிலுள்ள சம்பூர் அறியும். 2007 மே 30 இல் வெளியான வர்த்தமானியொன்று மூதூர் கிழக்கு – சம்பூர் உயர் பாதுகாப்பு வலயத்தை உருவாக்கியது. அவ்வேளை கிழக்கில் மாகாண சபை எதுவும் இருக்கவில்லை. நிலத்தின் பெரும்பகுதி மக்களுக்குத் திரும்பியது 2015, 2016 ஆம் ஆண்டுகளிலாகும். பறித்ததும் நடுவரசின் பேனா. மீட்டளித்ததும் நடுவரசின் பேனா. இரண்டாவது செயலை வரவேற்பது முறை; எனினும் ஒருவரின் நற்குணத்தால் மீளக் கிடைப்பது உரிமையாகாது.

இரண்டாவது நீர். ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களினூடாக ஓடும் ஆறுகள் மாகாண சபையின் நீர்ப்பாசன அதிகாரத்துக்குப் புறம்பானவை. வெருகலாறு மகாவலியின் கிளை. மகாவலி மத்திய மலைநாட்டில் ஊற்றெடுப்பது. ஆகவே வெருகலின் நீர் நடுவரசின் நீர். வடகீழ்ப் பருவமழையில் மகாவலி பெருகும்போது கடைமடையில் மூழ்குவன ஈச்சிலம்பற்றின் வயல்கள். கோடையில் நீர் குறையும்போது வாடுவனவும் அவையே. அணைகளைத் திறக்கவும் மூடவும் முடிவுசெய்யும் இடத்தில் கடைமடை விவசாயிக்கு நாற்காலி இல்லை. பல மாகாணங்களுக்குப் பொதுவான ஆற்றை ஒரு மாகாணம் தனித்து ஆள இயலாது என்பது நியாயமே. ஆனால் பொதுவானதைப் பொதுவில் ஆளுவதற்கும் நடுவரசு மட்டும் ஆளுவதற்கும் வேறுபாடுண்டு. அத்தகைய பெருந்திட்டங்களிற் காணித் துண்டுகள் தேசிய இன விகிதாசாரப்படி பகிரப்படும் என்ற ஏற்பாடும் அதே பின்னிணைப்பில் உள்ளது. ஒரு மாவட்டத்தின் நீரைக் கொண்டு அம்மாவட்டத்தின் குடித்தொகை அமைப்பையே மாற்றக்கூடிய திறவுகோல் இவ்வாறு நடுவரசின் கையில் விடப்பட்டுள்ளது. கந்தளாயிலும் அல்லையிலும் நிகழ்ந்த குடியேற்றங்களையும், 1977 தேர்தலுக்கு முன்னர் சேருவிலத் தொகுதி தோன்றியதையும் அறிந்தவர்கள் இதனை வெறும் நீர்ப்பாசன விடயமாகக் கொள்ளார்.

மூன்றாவது பணம். மாகாண சபைகளுக்கு ஓரளவு சொந்த வருவாய் தந்த புரள்வு வரி 2011 சனவரி முதல் நீக்கப்பட்டது. அதற்கு ஈடாக, நடுவரசு அறவிட்ட தேசக் கட்டுமான வரியில் மூன்றிலொரு பங்கு வழங்கப்படும் எனப்பட்டது. 2019 இன் இறுதியில் அவ்வரியும் ஒழிக்கப்பட்டது. மாகாணத்தின் உண்டியலை உடைத்தவரும் மாற்று உண்டியல் கொடுத்தவரும் பின் அதனையும் எடுத்துச் சென்றவரும் ஒருவரே.

நான்காவது ஆள். ஆளுநரை நியமிப்பவர் சனாதிபதி. சனாதிபதியின் விருப்பம் உள்ளவரை அவர் பதவியில் இருப்பார். கிழக்கில் 2006 முதல் 2015 வரை அப்பதவியை வகித்தவர் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர். கீழ்மட்டத்தில், 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச செயலாளர்களுக்கு அதிகாரங்களை மாற்றியது. மக்களுக்கு அருகில் நிர்வாகத்தைக் கொணரும் சீர்திருத்தமாக அது போற்றப்பட்டது. ஆனால் பிரதேச செயலாளர் மாகாண சபைக்குப் பொறுப்புடையவரல்லர். நடுவரசின் அமைச்சுக்குப் பொறுப்புடையவர். ஆகவே மாகாணத்தின் தலைமேல் நடுவரசின் ஆளுநர்; காலடியில் நடுவரசின் செயலாளர். நடுவில் நிற்கும் சபை எதனை ஆளும்?

தேர்தலே இல்லாத சபை

இக்குறைகள் யாவும் சபை இருக்கும் காலத்துக்குரியவை. சபையே இல்லாத காலம் அதனினும் நீண்டது. இணைந்த வடக்குக் கிழக்கு மாகாண சபை 1988 நவம்பரில் தெரிவாகித் திருகோணமலையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கி 1990 இற் கலைக்கப்பட்டது. பின்னர் 2008 மே வரை தேர்தலில்லை. 2006 ஒக்டோபர் 16 இல் உயர் நீதிமன்றம் இணைப்பைச் செல்லாததாக்கியது. 2008 இலும் 2012 இலும் தெரிவான கிழக்கு மாகாண சபைகளின் காலம் 2017 செப்டெம்பர் 30 உடன் முடிந்தது. எல்லை மீள்நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டிற் பாராளுமன்றத்தில் ஆதரவு வாக்கு ஒன்றுமின்றி வீழ்ந்தது. அறிக்கையைச் சமர்ப்பித்த அரசாங்கமே அதனை ஆதரிக்கவில்லை. அதன்பின் ஏழாண்டுகள் கழிந்தும் மாகாணத் தேர்தல் நடைபெறவில்லை. 1988 முதல் 2024 வரையான முப்பத்தாறு ஆண்டுகளில் ஈச்சிலம்பற்று மக்கள் தாம் தெரிந்த மாகாண சபையின்கீழ் வாழ்ந்தது மூன்றிலொரு பங்குக்கும் குறைவான காலமே.

அரசியலமைப்பின்படி, மாகாண நிரலைத் தொடும் சட்டமூலங்கள் மாகாண சபைகளின் கருத்தை அறிந்த பின்னரே நிறைவேறவேண்டும். 2012 இல் திவிநெகும சட்டமூலம் வந்தபோது வடக்கிற் சபை இருக்கவில்லை. சபைக்குப் பதிலாக ஆளுநரின் ஒப்புதல் போதாது என உயர் நீதிமன்றம் கூறியது. அத்தீர்மானத்தை அளித்த ஆயத்துக்குத் தலைமை தாங்கிய பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க 2013 சனவரியிற் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். தீர்மானம் வந்த வேகத்தையும் குற்றப்பிரேரணை தொடர்ந்த வேகத்தையும் ஒருங்கு நோக்கினால், ஒற்றையாட்சியில் மாகாணத்தின் காவலன் எத்துணைத் தனிமையில் நிற்கின்றான் என்பது விளங்கும். கிழக்கு மாகாண சபை அச்சட்டமூலத்துக்குத் தானே ஒப்புதல் அளித்தது என்பதும் மறைக்கத்தக்கதன்று. தன் அதிகாரத்தைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த சபையை மக்கள் மறவார்.

உள்ளூராட்சியின் கதியும் வேறன்று. 2023 இல் நடைபெறவேண்டிய தேர்தல் திறைசேரி பணம் விடுவிக்காமையால் நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. வெருகல் பிரதேச சபை உட்பட்ட சபைகளுக்கு 2025 மே மாதத்திலேயே வாக்களிக்க முடிந்தது. பணப்பெட்டியின் திறவுகோல் ஒருவரிடமும் வாக்குப்பெட்டியின் திறவுகோல் அவரிடமே இருக்குமாயின் அங்கு பரவலாக்கம் என்பது பெயரளவினதே.

எதிர்வாதங்கள்

இவற்றுக்கு மறுப்பாக நான்கு வாதங்கள் வழமையாக எழுப்பப்படுகின்றன.

சிறிய தீவுக்குச் சமஷ்டி எதற்கு என்பது முதல்வாதம். இலங்கையின் பரப்பு ஏறத்தாழ 65,600 சதுர கிலோமீற்றர். சுவிற்சர்லாந்தின் பரப்பு ஏறத்தாழ 41,000. பெல்ஜியத்தினது 31,000 இற்கும் குறைவு. இரண்டும் சமஷ்டி நாடுகள். ஒரு நாடு அதிகாரத்தைப் பகிரவேண்டுமா என்பதை அதன் நீள அகலம் தீர்மானிப்பதில்லை. அதில் வாழும் மக்களின் வேற்றுமை தீர்மானிக்கின்றது.

பின்தங்கிய ஊருக்கு வேண்டியது வீதியும் பாலமும். அதிகாரம் அன்று என்பது இரண்டாவது. இது மற்றெல்லாவற்றினும் வலிமையானது. வெருகலில் முன்னர் தோணித்துறை இருந்தது. மட்டக்களப்பு – திருகோணமலை வீதியிற் செல்வோர் மிதவைப் பாதையிற் காத்திருந்தனர். போரின் பின்னர் பாலங்கள் எழுந்தன. அவற்றாற் பயன் விளைந்ததை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் பாலம் போட்ட கை காணி எடுத்த கையுமாகும். கொடுப்பதும் எடுப்பதும் ஒரே கையின் விருப்பாக உள்ளவரை, பாலத்தைக் கடந்து வருவது அம்புலன்சா புல்டோசரா என்பதை ஊர் தீர்மானிக்க இயலாது. அபிவிருத்தியும் அதிகாரமும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. அதிகாரமின்றிப் பெறும் அபிவிருத்தி பிச்சை.

பகிர்ந்தால் நாடு பிரியும் என்பது மூன்றாவது. இத்தாலியின் தென்றிரோலில் ஜெர்மன் மொழி பேசுவோர் குண்டுவெடிப்புகளில் இறங்கிய காலம் உண்டு. 1972 இன் தன்னாட்சிச் சட்டத்தின்பின் அது தணிந்து, 1992 இல் ஒஸ்திரியாவும் இத்தாலியும் பிணக்கு முடிந்ததென ஐக்கிய நாடுகளுக்கு அறிவித்தன. 1999 இற் சொந்தப் பாராளுமன்றம் பெற்ற ஸ்கொத்லாந்து 2014 இற் பிரிவதா என வாக்களித்தபோது பெரும்பான்மையோர் வேண்டாமென்றனர். மறுபக்கம், வட அயர்லாந்தின் சபையை 1972 இல் இலண்டன் இடைநிறுத்தியதும், கத்தலோனியாவில் 2017 இல் மத்ரீட் நேராட்சி புகுத்தியதும், 2019 ஓகஸ்டிற் சம்மு – காஷ்மீர் மாநிலத்தை இந்திய நடுவரசு ஒன்றியப் பிரதேசங்களாக இறக்கியதும் காட்டுவன வேறொன்று: நடுவரசு நினைத்தபோது மீட்கக்கூடிய அதிகாரம் எங்கும் அமைதி தந்ததில்லை.

கிழக்கு மூவினத்தோரின் மண். அங்கு அதிகாரம் கொடுத்தால் ஒருவர் மற்றவரை ஒடுக்குவர் என்பது நான்காவது. திருகோணமலை மாவட்டத்தில் 1981 குடிசன மதிப்பின்படி தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவரும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராய் இருந்தனர். ஆதலால் அச்சம் பொருளற்றதன்று. ஆனால் அந்த அச்சத்துக்கு நடுவரசு காவலாய் இருந்ததா? 2020 யூனிற் கிழக்கின் தொல்பொருள் மரபுரிமைக்கெனச் சனாதிபதி செயலணியொன்று அமைக்கப்பட்டது; பாதுகாப்புச் செயலாளர் தலைவரானார். முதலில் நியமிக்கப்பட்டோருள் தமிழரோ முஸ்லிமோ ஒருவருமிலர். மூவினத்தோரின் மண்ணிலுள்ள மரபுரிமையை ஆராய ஓரினத்தோரை மட்டும் நியமித்த நடுவரசு, மற்றோர் அரங்கில் நடுநிலைத் தராசாகத் தன்னைக் காட்டுவது முரண்.

மதகும் பூட்டும்

இவ்விடத்தில் தமிழர் தரப்பும் தன்னை உசாவுதல் வேண்டும். வெருகலாற்றிலிருந்து நீர் பெறும் மாவிலாற்றின் மதகு 2006 யூலையில் விடுதலைப் புலிகளால் மூடப்பட்டது. அந்நீரை நம்பிய வயல்கள் சிங்களவருடையவை மட்டுமல்ல, முஸ்லிம்களுடையவையும் தமிழருடையவையுமாகும். மதகைத் திறக்கவென எழுந்த படைநடவடிக்கை முழுப் போராய் மூண்டது. ஈச்சிலம்பற்று மக்கள் வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புக்கும் உடுத்த உடையோடு ஓடினர். 2007 இலேதான் மீளத் திரும்பத் தொடங்கினர். நீரைப் பூட்டுவது நடுவரசு செய்தாலும் அதனை எதிர்ப்போர் செய்தாலும் கேடே. மக்களைக் கேளாது மதகின் திறவுகோலைத் தன் இடுப்பிற் செருகிக்கொள்ளும் எவனும், எக்கொடியைப் பிடித்தாலும், மத்தியவாதியே.

அரசியலிலும் இதே குறை தொடர்கின்றது. கொழும்பிடம் பகிர்வு கோரும் கட்சிகள் திருகோணமலையிலிருந்து வெருகலுக்குப் பகிர்வு வேண்டும் எனப் பேசுவது அரிது. மாகாண அமைச்சு பிரதேச சபையை நடத்தும் முறை, நடுவரசு மாகாணத்தை நடத்தும் முறையின் சிறு பதிப்பாகவே இருந்துள்ளது. 1957 உடன்படிக்கை கிழக்கைப் பல பிரதேசங்களாகப் பிரிக்க இடமளித்தது அன்றைய தலைவர்களின் தொலைநோக்காகும்; முஸ்லிம்களினதும் சிங்களவரினதும் நியாயமான அச்சத்துக்கு விடை அதில் இருந்தது. தமிழர் பெரும்பான்மையாக உள்ள ஊரில் முஸ்லிமுக்கும், முஸ்லிம் பெரும்பான்மையாக உள்ள ஊரில் தமிழருக்கும், இரண்டிலும் சிங்களவருக்கும் எழுத்திற் பொறித்த காப்பு இல்லாத பகிர்வு, கொழும்பின் அநீதியைத் துண்டு துண்டாக்கி ஊர்தோறும் விநியோகிப்பதாகும்.

வேண்டுவன

இவற்றிலிருந்து பெறப்படும் முடிபுகள் சிலவே. ஆனால் தவிர்க்க இயலாதவை. மாகாணத்துக்குரிய அதிகாரம் பாராளுமன்றம் தனித்து மீட்க முடியாதவாறு அரசியலமைப்பிற் காக்கப்படுதல் வேண்டும். ஒற்றையாட்சி என்ற சொல் அதற்கு இடந்தராதாயின் மாறவேண்டியது சொல்லே. தேர்தல் நடைபெறும் நாள் சட்டத்தால் நிலைபெறல் வேண்டும். அமைச்சரின் வசதியோ திறைசேரியின் மனநிலையோ அதனைத் தொடலாகாது. ஆளுநர் மாகாண அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடத்தல் வேண்டும். தேசிய காணி ஆணைக்குழு இனியாயினும் அமைக்கப்பட்டு, அதில் மாகாணங்களின் குரல் எண்ணிக்கையளவிலும் வலிமை பெறல் வேண்டும். மகாவலி போன்ற பொது ஆறுகளுக்கு மலைநாட்டிலிருந்து வெருகல் வரையுள்ள மாகாணங்களும் விவசாயிகளும் அமரும் கூட்டுச் சபை தேவை. மாகாணத்துக்குச் சொந்த வரியும், பிரதேச சபைக்கு மாகாணத்திடமிருந்து பிரியாத பங்கும் வேண்டும்.

இவற்றுள் எதுவும் புதுமையானதன்று. சில 1957 இலும் சில 1965 இலும் சில 1987 இலும் ஒப்புக்கொள்ளப்பட்டவையே. ஒப்புக்கொண்டதை நிறைவேற்றாத அரசு புதிய ஆணைக்குழுக்களை நியமித்துக் காலங்கடத்துவதும், பல்கலைக்கழகங்கள் அவ்வாணைக்குழுக்களின் சொற்களுக்கு உரையெழுதுவதும் இனியும் தொடரலாகாது. அறிஞர் செய்யத்தக்கது ஒவ்வொரு ஏற்பாட்டையும் கடைமடைக்குக் கொண்டு சென்று அளப்பதாகும். வெருகலின் விவசாயி தன் காணியின் உறுதிக்கும் தன் வாய்க்காலின் நீருக்கும் யார் முன் நிற்கவேண்டும், நின்றபின் அவரைத் தேர்தலில் நீக்க அவனுக்கு உரிமை உண்டா என்பதே அளவுகோல். அவ்விரண்டாவது வினாவுக்கு ‘இல்லை’ என்ற விடை வரும்வரை இந்நாட்டில் அதிகாரம் பகிரப்படவில்லை, இரவலாகக் கொடுக்கப்பட்டுள்ளது. இரவலும் இப்போது மீளப் பெறப்பட்டுள்ளது.